அத்தைக்குப் புரியும்படி சொல்லு!

எங்கள் அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, வயது 72. படிப்பு அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. மளிகைக் கணக்கை மனசிலேயே போட்டு, கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் பாக்கிச் சில்லறைக்குக் கையை நீட்டுவார். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு படுக்கையில் விழுந்தார். அந்த வார்த்தை "நார்மல்".

ஆறு வருஷமாக அத்தைக்குத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. போன ஆடியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு போனோம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மலா இருக்கும்மா, அப்படியே போகட்டும்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்ததும் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போட்டார். ஏதோ வேண்டுதலாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் முகம் உப்பிக்கொண்டது. திருச்சி வெயிலில் கம்பளி கேட்டார். சாப்பிட்ட தட்டை நகர்த்தக்கூட முடியாமல் சாய்ந்துகொள்வார். மலச்சிக்கல். குரல் கட்டிப்போய்விட்டது. நான்கு நாள் அவர் குரலே எழும்பவில்லை என்றதும், பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. அப்புறம்தான் பயம் வந்தது. பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 38 என்று வந்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 4, 5-க்குள் இருக்க வேண்டியது.

"மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்கதானே சரியாப் போச்சுன்னு சொன்னீங்க?" என்றார் அத்தை.

சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மாத்திரையை நிறுத்தினதும் உடனே ஏதாவது செய்திருந்தால் அத்தையும் உஷாராகியிருப்பார். ஆனால் இந்த மருந்து சட்டென்று உடம்பை விட்டுப் போகாது. ஒரு வாரமானால்தான் பாதி குறையும். அதனால் நிறுத்திய முதல் வாரங்களில் ஒன்றுமே தெரியாது. "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன்" என்று மனசு சொல்லும்.

மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். ஆனால் அத்தை மசியவில்லை. கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். விழுங்கினாரா என்று நான் எத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்ப்பது? அதைவிட, அவர் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

"தாள்ல அதிகம்னு போட்டிருக்கு. தைராய்டு அதிகமா இருந்தா மாத்திரையைக் குறைக்கத்தானே வேணும்? எதுக்கு இன்னும் கொடுக்கறாங்க?"

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இதற்குப் பதில் தெரியும்? நான் பத்தாவதோடு நின்றவள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு பேர். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் என்ஜினீயரிங் படிக்கும் என் பெரியவன் லீவுக்கு வந்திருந்தான். "கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா அப்பாயிக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றான். இப்போது செல்போனில் கேள்வி கேட்டால் ஆள் மாதிரியே பதில் எழுதுகிறதே, அதைத்தான் சொன்னான். 2022-ஆம் வருஷக் கடைசியிலிருந்து இது எல்லோர் கைக்கும் வந்துவிட்டது.

முதல் தடவை கேட்டதும் ஒரு பக்கம் மளமளவென்று எழுதியது. "தைராய்டு தூண்டும் இயக்குநீர் பிட்யூட்டரிச் சுரப்பியினால் சுரக்கப்பட்டு" என்று ஆரம்பம். என் மகன் சத்தமாகப் படித்தான். அத்தை, "ரேடியோவில செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு" என்று வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

"யாருக்குச் சொல்லணும்னு அதுக்கு நாம சொல்லலைல்ல" என்றான் மகன். இரண்டாம் தடவை, கேட்பவர் 72 வயது அம்மா, ஐந்தாவது படித்தவர், பேச்சுத் தமிழில் சொல்லு என்று எழுதினான். இந்த முறை தமிழ் இறங்கி வந்தது. ஆனால் குளிர்சாதன இயந்திரத்தை உதாரணம் காட்டியது. அறை சூடானால் இயந்திரம் தானாக ஓடும், குளிர்ந்தால் நிற்கும் என்று. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு மின்விசிறி!

மூன்றாம் தடவை நானே சொல்லி எழுதச் சொன்னேன். வீட்டு வேலை, சமையல், வயல் இதெல்லாம் தெரிந்தவர். மெஷின் உதாரணம் வேண்டாம். "அதிகம் என்று வந்தால் ஏன் மாத்திரை வேண்டும்" என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு என்று. இப்போது வேறு மாதிரி வந்தது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல இருக்கும் தைராய்டு ஒரு வேலையாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி மேஸ்திரி. வேலையாள் சுணங்கினால் மேஸ்திரி சத்தம் போடுவார். தாளில் இருக்கும் 38 என்பது வேலையாளின் வேலை அளவில்லை, மேஸ்திரியின் சத்தம். சத்தம் அதிகம் என்றால் வேலை குறைவு என்று அர்த்தம்.

அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"அதாவது நான் கத்தறதும், இவ வேலை செய்யறதும் மாதிரி" என்றார் என்னைக் காட்டி.

நானும் மகனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"இவ அசந்து படுத்துட்டா நான் கத்துவேன். வேலை ஆயிட்டா சும்மா இருப்பேன். அப்ப அந்த மாத்திரை யாரு?"

"உங்களுக்கு ஒத்தாசைக்கு வெச்ச வேலைக்கார அம்மா அத்தை. அது வந்து எல்லா வேலையும் செஞ்சதாலதான் ஆடி மாசம் சத்தமே இல்லாம நார்மல்னு வந்துச்சு. வீடு அமைதியா இருக்கேன்னு நீங்க அந்த அம்மாவை நிறுத்திட்டீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை அன்னிக்கே யாராவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். மறுநாளிலிருந்து நான் பக்கத்தில் நிற்கவில்லை.

ஒரே விஷயத்தை ஆளுக்கு ஏற்ற மாதிரி சொல்லும் வித்தை கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். மகனைத் தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். இது நேற்று வந்த யோசனை இல்லையாம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செசில் பாரிஸ் என்ற பெண்மணி 1980-களிலேயே இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் திட்டம் செய்திருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் "டெய்லர்". ஆளுக்கேற்ற அளவில் தைத்துக் கொடுப்பது! நம் தெருமுனைத் தையற்காரர் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

அந்த அம்மா செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தையும் சிறுவர்களுக்கான கலைக்களஞ்சியத்தையும் வைத்துக்கொண்டு, டெலிபோன் மாதிரியான சாமான்களை இரண்டிலும் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தாராம். பெரியவர்கள் புத்தகத்தில் அந்தச் சாமானில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்லியிருந்தது. சிறுவர் புத்தகத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று கதை மாதிரி போயிருந்தது. பேசினால் இது அசையும், அதனால் அது நடக்கும் என்று. வார்த்தையை மட்டும் எளிதாக்கவில்லை, சொல்லும் விஷயமே வேறாக இருந்தது. ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பாகங்களின் பெயர் போதும், மீதியை அவரே கூட்டிக்கொள்வார். புதிதாகக் கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் பிடிபடும். இதைப் படித்ததும் எங்கள் வீட்டு முதல் இரண்டு விளக்கங்களும் ஏன் எடுபடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழகத்தாரும் எடின்பரோவில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவும் சேர்ந்து "பேபிடாக்" என்று ஒன்று செய்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு, பிராணவாயு அளவு, உடம்புச் சூடு என்று மெஷின்கள் ஓயாமல் பதிந்துகொண்டே இருக்குமில்லையா? அந்த எண்களைக் கம்ப்யூட்டரே வாக்கியமாக எழுதித் தரும். நர்ஸுக்கு, பன்னிரண்டு மணி நேர வேலை முறையில் என்ன நடந்தது என்ற சுருக்கம். பெற்றோருக்கு வேறு மாதிரி. கஷ்டமான சொல்லுக்கு அர்த்தம் சொல்லி, நல்ல சேதியைச் சற்று அழுத்தி, அவர்கள் பதற்றம் தெரிந்து எழுதப்பட்டது. அதே குழந்தை, அதே எண்கள்தான்.

2007-இல் என் சின்னவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஒரு ராத்திரி நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம், "சாச்சுரேஷன் இறங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு போனாள். அது என்னவென்று தெரியாமல், பிள்ளையே போய்விட்டது என்று நினைத்து நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்ட விஷயம் அது. விடிந்தபிறகுதான் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு என் கையில் நான்கு வரி எழுதின தாள் ஒன்று இருந்திருந்தால்!

அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள். பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் இதமான நடை வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்று முதலில் நினைத்தார்கள். இப்படிக் குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்துக் காத்திருந்த அனுபவமுள்ள பெற்றோர்களிடம் காட்டியபோது, எல்லோருமே இதமாக எழுதினதைத்தான் விரும்பினார்கள். 2011-இல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளே என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் கேட்டார்களே, அது வரைக்கும் சந்தோஷம்.

இதைப் படித்துவிட்டு, ஆளுக்கேற்ற மாதிரி சொல்லிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே அபர்தீனில் சிகரெட் பிடிக்கிறவர்கள் 2,553 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு அவரவர் பதிலைப் பார்த்துக் கம்ப்யூட்டரே தனித்தனியாகக் கடிதம் எழுதியது. ஒரு பகுதியினருக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே கடிதம். மீதிப் பேருக்கு வெறும் நன்றிக் கடிதம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தனிக் கடிதம் வாங்கியவர்களில் நிறுத்தியவர்கள் 3.5 சதவீதம். பொதுக் கடிதம் வாங்கியவர்களில் 4.4. நன்றி மட்டும் வாங்கியவர்களில் 2.6. 2001-இல் வெளியான கணக்கு இது. அவ்வளவு பாடுபட்டும் பொதுக் கடிதத்தைவிடத் தனிக் கடிதம் ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. எங்கள் மாமனார் நாற்பது வருஷமாகக் குடித்த பீடியை விட்டது எந்தக் கடிதத்தாலும் இல்லை. பேத்தி மடியிலிருந்து இறங்கி, "தாத்தா நாத்தம்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தப்பு நடந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்காகப் பெரிய எழுத்தில் ஒரு தாள் தயார் பண்ணினோம். அவர் பேத்தி, என் சின்னவள், அதைத்தான் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். "தினமும் காலையில் மாத்திரையைச் சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று அழகாக இருந்தது. அத்தையும் காலையில் காபி குடித்துவிட்டு, கையோடு கால்சியம் மாத்திரையும் இதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இது வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை. காபி, பலகாரம் எல்லாம் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. முதலில் வந்த அந்தச் செய்தித் தமிழ் விளக்கத்தில் இதெல்லாம் இருந்தது! எளிதாக்கு, சின்னதாக்கு என்று நாம் சொல்லச் சொல்ல, அது இதையும் சேர்த்துக் கழித்துவிட்டது. குழந்தைக்குக் காரம் வேண்டாம் என்று சாம்பாரிலிருந்து மிளகாயை எடுக்கப்போய், உப்பையும் போடாமல் விட்ட கதை.

ஏன் இப்படி என்று மகனைக் கேட்டேன். பழைய நாளில் ஆட்கள் உட்கார்ந்து, இன்னாருக்கு இதைச் சொல், இதை விடாதே என்று ஒவ்வொரு விதியாக எழுதி வைப்பார்களாம். இப்போதையது கோடிக்கணக்கான எழுத்துக்களைப் படித்துப் பழகி, அடுத்து எந்த வார்த்தை வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அதே சரளம்தான். தடுமாற்றத்தைப் பார்த்து நாம் சந்தேகப்பட வழியில்லை.

அதற்கப்புறம் நான் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். வார்த்தையை எளிதாக்கு, ஆனால் எப்போது, எவ்வளவு, எதோடு சேர்க்கக்கூடாது என்பதை விடாதே என்று சொல்கிறேன். முதலில் வந்த நீளமான பதிலையும் கடைசிச் சின்னப் பதிலையும் பக்கத்தில் வைத்து, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கிறேன். அப்படியும் அந்தத் தாளை மருந்துக் கடையில் காட்டி, அங்கே படித்துவிட்டுச் சரி என்று சொன்னபிறகுதான் சுவரில் ஒட்டுகிறேன். அத்தையின் பெயரையோ, ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட தாளையோ அதற்குள் ஏற்றுவதில்லை. வயசும் சந்தேகமும் போதும்.

இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. விளக்கம் சொல்லி முடித்ததும், "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. கேட்டால் யாரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். "நீங்க எனக்கு ஒருதடவை சொல்லுங்க அத்தை" என்கிறேன். அவர் திருப்பிச் சொல்லும்போது எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கே இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு இப்போது மூன்றாம் மாதம். அவளுக்கும் தைராய்டு உண்டு. அத்தையின் தாளைப் பார்த்துவிட்டு, "எனக்கும் நாலுக்குள்ளதான் இருக்கு அக்கா, அப்ப நார்மல்தானே?" என்றாள். நல்லவேளை, அவள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். கர்ப்ப காலத்தில், அதுவும் முதல் மூன்று மாதத்தில், அந்த அளவு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து தைராய்டு சத்து கூடுதலாக வேண்டியிருக்கிறது. அவளுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அத்தைக்குத் தைத்த ரவிக்கையை அவளுக்குப் போட்டுவிடப் பார்த்தோமே என்று எனக்கு உதறல் எடுத்துவிட்டது.

அத்தைக்கு ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் 38 என்பது 9-க்கு வந்தது. தை மாதம் 4-க்குக் கீழே. குரலும் பழையபடி வந்துவிட்டது, தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

போன வாரம் எதிர் வீட்டு ஆச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்கும் புதிதாகத் தைராய்டு குறைவு என்று சொல்லி, தாளில் அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். அத்தை தன் மாமியார், மருமகள் கதையை ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆச்சிக்கு மகனும் இல்லை, மருமகளும் இல்லை.

"ஆச்சி, நீங்க வண்டிமாடு வெச்சிருந்தீங்கல்ல?"

"ஒரு ஜோடி இருந்துச்சு. அவுக போனப்புறம் வித்தாச்சு."

"மாடு மெதுவாப் போனா வண்டிக்காரர் என்ன செய்வாரு?"

"ஹேய் ஹேய்னு அதட்டுவாரு."

"தாள்ல போட்டிருக்கிறது அந்த அதட்டல் சத்தம் ஆச்சி. மாடு ஓடற வேகம் இல்லை."

ஆச்சி தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அப்ப மாத்திரைங்கறது பக்கத்துல பூட்டற இன்னொரு மாடு" என்றார்.

"அதேதான். காலையில எந்திரிச்சதும் தண்ணியோட போடணும். காபி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

"ஒரு மணி நேரம் காபி இல்லாமலா?" என்றார் ஆச்சி.